இடது கை மட்டும்

லின்ஹே,
1984 மார்ச் 4

அழகும் அறிவும் பொறுமையும் நிறைந்த ஷென் யூலூவுக்கு (முதல் இரண்டும் நான் இரவல் தந்தவை, பொறுமை மட்டும் உன் சொந்தம்),

தாவ் மின் எழுதுகிறேன். எழுத்து கோழி கிளறியது மாதிரி இருந்தால் மன்னித்துவிடு. கையுறை போட்டுக்கொண்டு எழுதுகிறேன். இங்கே மார்ச்சிலும் குளிர் என்று வைத்துக்கொள்ளேன்.

நான் லின்ஹேயில் என் மாமா வீட்டில் இருக்கிறேன். மாமா குடைத் தொழிற்சாலையில் கம்பியை வளைக்கிறார். மாமி வீட்டில் என்னை வளைக்கிறாள். இரண்டு பேருக்கும் சாயங்காலம் இடுப்பு வலி.

அன்று படகில் நடந்ததை இதற்குள் ஊரே பேசியிருக்கும். ஆனாலும் கூடவே போனவள் சொல்வதைக் கேள். உன் அப்பா கெங் அண்ணியின் கைப்பிள்ளை தோதோவின் விரலைப் பார்த்துவிட்டு, "உடனே லின்ஹே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க, ஒரு நிமிஷம் நிக்காதீங்க" என்று சொன்னாரே, அப்போது கெங் அண்ணி செருப்பைக்கூடப் போடவில்லை. பிள்ளையை என் மடியில் திணித்துவிட்டாள். மூன்று நாள் சளிக்கு மருந்து வாங்க வந்தவளிடம் பிள்ளை பிழைப்பதே கஷ்டம் என்றால் வேறு என்ன ஆகும்? படித்துறையில் கெங் அண்ணன் பலகையில் வழுக்கி விழுந்தார். காய்ந்த மூங்கில் ஒடிகிற சத்தம் கேட்டது. அந்தக் கையோடுதான் படகைத் தள்ளிவிட்டு ஏறினார். இரண்டு மணி நேரம்.

ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் தோதோவின் இடது கையைப் பார்த்தாள். வலது கையைப் பார்த்தாள். பிறகு பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து இடது ஆள்காட்டி விரலைத் துடைத்தாள். பஞ்சு ஊதாவாக வந்தது.

"யாரும்மா பிள்ளை விரல்ல கோலம் போட்டது?"

எல்லோரும் சிரித்தார்கள். தோதோவுக்கு வெறும் சளி. கெங் அண்ணனுக்கு முழங்கை முதல் மணிக்கட்டு வரை மாவுக்கட்டு. அவர் சிரிக்கவில்லை.

மாமா இருக்கச் சொன்னார், அதனால் இருந்துவிட்டேன். அடுத்த வாரம் வந்துவிடுவேன். இல்லை, அதற்கடுத்த வாரம்.

உன் அப்பா, ஷென் மாமா, என்ன சொன்னார்? சிரித்தாரா? சிரித்தார் என்றே எழுது.

உன் குரங்கு,
மின்

*

பெய்ஷி,
மார்ச் 9

மின்,

அப்பா சிரிக்கவில்லை.

கெங் அண்ணன் ஊர் நிர்வாக அலுவலகத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறார். அப்பாவே, புண்ணுக்குப் போடும் ஊதா மருந்தால் பிள்ளையின் விரலில் கோடு போட்டுப் பயமுறுத்தி, ஆஸ்பத்திரி போகும் வழிக்கென்று மாட்டுப் பித்தக்கல் பொடியை அவர்கள் தலையில் கட்டினார் என்று. ஊரில் எல்லோரும் அதை நம்புகிறார்கள். நம்புவது சுலபம். குழந்தையின் விரல் நரம்பு முதல் கணுவோடு நின்றால் சளி, இரண்டாவதைத் தாண்டினால் கவலை, மூன்றாவதைத் தாண்டி நகத்தைத் தொட்டால் நம்பிக்கை இல்லை என்பது இங்கே எல்லா அம்மாக்களுக்கும் தெரியும். அந்தக் கோடு நகம் வரை போயிருந்தது. விலை உயர்ந்த மருந்தை விற்க அதைவிட நல்ல வழி உண்டா என்று கேட்கிறார்கள்.

மருந்துக்கடைக் கதவை மூடிவிட்டோம். நேற்று சந்தைக்குப் போனபோது பள்ளிக்கூடப் பையன்கள் அப்பா முன்னால் வரிசையாக நின்று விரலை நீட்டினார்கள். "வைத்தியரே, எனக்கு இன்னும் எத்தன நாளு?" அப்பா நின்று, கடைசிப் பையனின் விரலை நிஜமாகவே பிடித்துப் பார்க்கப் போனார். வேடிக்கை என்று அவருக்குப் புரியவில்லை. நான்தான் இழுத்துக்கொண்டு வந்தேன்.

28ஆம் தேதி விசாரணை. ஏமாற்றியது உண்மை என்று முடிவானால் அனுமதிப் பலகையைக் கழற்றிவிடுவார்கள். இருபத்தாறு வருஷமாக அந்தப் பலகை அங்கே இருக்கிறது.

அன்று காலையில் கெங் அண்ணி வரிசையில் நின்றபோது பெஞ்சில் உட்கார்ந்து தோதோவைப் பார்த்துக்கொண்டது நீ. ஊதா மருந்துப் புட்டி உன் தலைக்கு மேலே இருந்த தட்டில் இருந்தது. யாராவது அதைத் தொட்டதைப் பார்த்தாயா? யோசித்து எழுது. அவசரமில்லாமல் யோசி.

யூலூ

*

லின்ஹே,
மார்ச் 13

யூலூ,

பார்த்தேன். தொட்டவளுக்கு வயது பதினாறு, மூக்கு சப்பை, வாய் நீளம். இப்போது கையுறையோடு உனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறாள்.

சொல்லிவிட்டேன். இதை எழுத நான்கு தாள் கிழித்தேன். மாமி அடுப்புக்கு நல்லது என்றாள்.

ஏன் செய்தேன் என்று கேட்பாய். உன் அப்பாவின் மௌனத்துக்காக. உனக்குத் தெரியும், எத்தனை தடவை அவரைப்போல் நடித்து உன்னைச் சிரிக்க வைத்திருக்கிறேன். கட்டைவிரலைத் தண்ணீரில் தொட்டு, பிள்ளையின் விரலை நுனியிலிருந்து உள்ளங்கைப் பக்கம் மூன்று தடவை தள்ளிவிட்டு, கண்ணை இடுக்கிக்கொண்டு ஒரு மௌனம். அம்மாக்காரிகள் மூச்சையே நிறுத்திவிடுவார்கள். பிறகு "ம், ஒண்ணுமில்ல, இஞ்சியும் வெங்காயத் தண்டும்" என்பார். அந்த மௌனத்துக்கு ஒரு தடவை வேட்டு வைக்க வேண்டும் என்று ஆசை. துடைப்பக் குச்சி நுனியை ஊதா மருந்தில் தொட்டு ஒரே இழுப்பு. பிள்ளை சிரித்தான். பையனுக்கு இடது கை, பெண்ணுக்கு வலது கைதான் பார்ப்பார்கள் என்பதால் இடது கையில் மட்டும் போட்டேன். என் கைவரிசையில் எவ்வளவு சிக்கனம் பார்.

அவர் பார்த்ததும், "எந்தக் குரங்குடி இது?" என்று கத்துவார், எல்லோரும் சிரிப்பார்கள், எனக்கு ஒரு குட்டு விழும் என்று நினைத்தேன். அவர் கத்தவில்லை. உன்னை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கூப்பிட்டார். நீ பிள்ளையைத் தூக்கிப் பிடித்து, "அடடே, செல்லத்துக்கு ஊதாச் சட்டையா?" என்றாய். அவன் போட்டிருந்தது பச்சைச் சட்டை! சத்தியமாகச் சொல்கிறேன் யூலூ, நீ கண்டுபிடித்துவிட்டாய், நீயும் என்னோடு சேர்ந்து விளையாடுகிறாய் என்று நினைத்துப் பல்லைக் கடித்துச் சிரிப்பை அடக்கினேன். அடக்கி முடிப்பதற்குள் எல்லோரும் படித்துறைக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். படகில் சொல்லியிருக்கலாம். அந்தக் கை ஒடிந்த பிறகு வாய் திறக்கவில்லை. இரண்டு மணி நேரம் தோதோவின் கையை என் கைக்குள் மூடி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிள்ளைக்குக் குளிருமே என்று செய்கிறேன் என நினைத்து கெங் அண்ணி அழுதுகொண்டே என் முதுகைத் தடவினாள். நான் உள்ளே எச்சில் தொட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். ஊதா மருந்து எச்சிலுக்கு அசையாது. தண்ணீருக்கும் அசையாது. என் விரல் நுனியில் இன்னும் இருக்கிறது, அதற்குத்தான் கையுறை. மற்றவர்கள் ஒரு விஷயத்தைக் கை கழுவிவிடுகிறார்களே, எப்படியோ.

நீ என்னைத் திட்டு. நல்ல வார்த்தையாகத் தேர்ந்தெடுத்துத் திட்டு, நான் உனக்குச் சொல்லிக் கொடுத்தவைகூட உண்டு.

மின்

*

பெய்ஷி,
மார்ச் 17

மின்,

திட்ட உட்கார்ந்தேன். மூன்று வரி எழுதினேன். அடித்துவிட்டேன். நான் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் உன்னைத் திட்டினால் அது திருட்டு.

போன இலையுதிர் காலத்திலிருந்து அப்பாவுக்குக் கண் தெரியவில்லை. முழுசாக இல்லை. பாலாடை படிந்த மாதிரி. உருவம் தெரியும், நடப்பார், மருந்துப் பெட்டிகளின் இடம் கைக்குத் தெரியும். நாடி பார்க்கக் கண் வேண்டாம். ஆனால் குழந்தைகளுக்கு நாடி பிடிபடாது, விரல் நரம்பைத்தான் பார்க்க வேண்டும். அதனால் நான் பார்த்தேன். வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடிக்கிற சாக்கில் அவர் மணிக்கட்டில் தட்டுவேன். ஒரு தட்டு முதல் கணு, இரண்டு தட்டு இரண்டாம் கணு. நிறத்தைக் குழந்தையோடு கொஞ்சுவதுபோல் சொல்வேன். "செல்லத்துக்குச் சிவப்புச் சட்டையா" என்றால் புதுச் சளி. எந்த அம்மாவும் கவனித்ததில்லை. நீ கவனித்தாய். கவனித்து, தப்பாகப் புரிந்துகொண்டாய்.

அன்று நான் மூன்று தட்டுத் தட்டினேன். பிறகு நகத்தையும் தொட்டுக் காட்டினேன். நான் பயந்துபோனேன், மின். ஆறு மாதமாகப் பார்த்ததில் அப்படி ஒன்றை நான் பார்த்ததே இல்லை. வலது கையைப் பார்த்திருந்தால் போதும். அதில் கோடே இல்லை என்பது ஒரு நொடியில் தெரிந்திருக்கும். பையன் என்றால் இடது கை என்று நின்றுவிட்டேன். முன்பின் தெரியாத நர்ஸ் ஒருத்தி இரண்டு கையையும் பார்த்தாள்.

இன்னும் ஒன்று. படித்துறையில் பிள்ளையின் போர்வையை உன்னிடம் நீட்டியபோது உன் விரல் நுனியைப் பார்த்தேன். ஊதா. படகு அப்போது கரையை விட்டு ஒரு முழம்கூடப் போகவில்லை. "நில்லுங்க" என்று கத்தியிருந்தால் போதும். கத்தினால் நான் சாயத்தைப் பார்த்து நரம்பு என்று சொன்னது தெரிந்துவிடும். அப்பாவுக்குக் கண் தெரியாததும் தெரிந்துவிடும். வாயை மூடிக்கொண்டு நின்றேன். படகு போய்விட்டது.

அதற்குப் பிறகு உனக்கு எழுதி, புட்டியைத் தொட்டது யார் என்று தெரியாதவள்போல் கேட்டேன். நீயாகச் சொல்வாயா என்று பார்த்தேன். உன்னைச் சோதிக்க எனக்கு என்ன யோக்கியதை?

அப்பாவிடம் எதையும் சொல்லவில்லை. அவரும் என்னிடம் எதையும் கேட்கவில்லை. சாப்பிடும்போது என் கிண்ணத்தில் மீன் துண்டை வைக்கிறார். முள் எடுக்க அவருக்குக் கண் தெரியாது, அதனால் முள்ளோடு வைக்கிறார்.

யூலூ

*

லின்ஹே,
மார்ச் 21

யூலூ,

நான் வருகிறேன். 28 காலைப் படகு. மாமாவிடம் சொல்லிவிட்டேன். அவர் ஒரு குடைக் கம்பியை எடுத்தார், என்னைப் பார்த்தார், கீழே வைத்துவிட்டு, "போய்ச் சொல்லிட்டு வா. அடி பாக்கி இருக்கட்டும்" என்றார்.

ஒரு சிக்கல். நான் போட்டேன் என்று சொன்னால் உன் அப்பா ஏமாற்றுக்காரர் இல்லை என்று ஆகும். ஆனால் உடனே கேட்பார்கள்: "அப்ப வைத்தியருக்கு ஏன் தெரியல?" அதற்கு என்ன சொல்வது? பொய் என் தாய்மொழி, உனக்குத் தெரியும். நான் அவ்வளவு தத்ரூபமாக வரைந்தேன் என்று சொல்லவா? ஜன்னலை மறைத்துக்கொண்டு நின்றேன் என்று சொல்லவா? எது வேண்டுமானாலும் சொல்கிறேன். நீ தட்டியது என் வாயில் வராது. நீதான் ஆள்காட்டி விரல், நான் வெறும் சுண்டுவிரல். எதைக் காட்டச் சொல்கிறாயோ சொல்.

மின்

*

பெய்ஷி,
மார்ச் 23

மின்,

வா.

பொய் சொல் என்று சொல்ல எனக்கு முகமில்லை. சொல்லாதே என்று சொல்லத் தைரியமில்லை.

யூலூ

*

பெய்ஷி,
ஏப்ரல் 16

யூலூ,

உன் அத்தை வீட்டு விலாசத்தை உன் அப்பாதான் சொன்னார். வேடிக்கை பார், நான் லின்ஹேயில் இருந்தபோது நீ இங்கே, நான் இங்கே வந்ததும் நீ லின்ஹேயில். ஒரே படகில் போக நமக்கு வாய்க்கவில்லை.

நீ விசாரணையிலிருந்து பாதியில் ஓடிவிட்டாய். மறுநாள் காலையில் யாரிடமும் சொல்லாமல் படகேறிவிட்டாய். அதனால் மிச்சம் உனக்குத் தெரியாது. உன் அப்பா எழுதச் சொன்னார், நான் எழுதுகிறேன். இதில் வேடிக்கை எதுவும் இருக்காது, முயற்சி செய்கிறேன்.

நான் கையுறையைக் கழற்றி மேஜைமேல் கையை வைத்தது வரை நீ இருந்தாய். நகக்கண்ணில் அந்தப் பாழாய்ப்போன ஊதா இன்னும் இருந்தது. "நான்தான் போட்டேன்" என்று சொன்னேன். எவ்வளவோ மேடைக்குரல் வைத்திருந்தேன், வந்தது எலிக்குரல். அப்புறம் அந்தக் கண்ணாடிக்கார அதிகாரி தேநீர்க் கோப்பை மூடியைத் திருகிக்கொண்டே கேட்டார்: "சின்னப் பொண்ணு கிறுக்கினத இருபத்தாறு வருஷ வைத்தியரால கண்டுபிடிக்க முடியலயா?"

நான், "நான் ஜன்னல மறைச்சுக்கிட்டு..." என்று ஆரம்பித்தேன். அப்போதுதான் நீ எழுந்து வெளியே போனாய். கதவு அடித்துக்கொண்டது.

உன் அப்பா கதவுப் பக்கம் திரும்பினார். "போனது யாரு?" என்று கேட்டார். அறையில் இருபது பேர். பத்தடி தூரத்தில் எழுந்து போன சொந்தப் பெண்ணை அவருக்குத் தெரியவில்லை என்பது எல்லோருக்கும் அந்த இடத்திலேயே புரிந்துவிட்டது. நான் சொல்ல வந்த பொய் என் வாயிலேயே செத்துப்போனது.

"யூலூதான், மாமா" என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். அதே பழைய மௌனம். நான் வேட்டு வைக்க ஆசைப்பட்ட மௌனம். பிறகு, "அந்தக் கைய இங்க குடு" என்று என்னிடம் சொன்னார். கொடுத்தேன். முகத்துக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்தார், விரலால் தடவினார்.

"உள்ளங்கை வேர்க்குது, விரல் நுனி ஐஸா இருக்கு. ராத்திரி தூங்கல, காலையில சாப்பிடல. இது எனக்குத் தெரியுது. ஊதா இருக்குன்னு நீங்க சொல்றீங்க, எனக்குத் தெரியல." என் கையை விட்டுவிட்டு அதிகாரிகள் பக்கம் திரும்பினார். "போன இலையுதிர் காலத்துலேருந்து தெரியல. மறைச்சு வச்சு ஊர்ப் பிள்ளைங்களப் பார்த்திருக்கேன். நான் கோடு போடல. ஆனா ஏமாத்தினது நெசம்."

கெங் அண்ணன் மாவுக்கட்டுக் கையோடு எழுந்தார். "அப்ப என் பிள்ளை விரல யாரு பார்த்தது?"

"என் பொண்ணு. அவ கோட்டப் பார்த்தா, கோடு இருந்துச்சு. இருந்தத இருக்குன்னு சொன்னா. இன்னொரு கையப் பார்க்கணும்னு சொல்லிக் குடுக்காதது நான்."

இதைத்தான் உனக்கு எழுதச் சொன்னார். சொன்னது சொன்னபடி எழுதிவிட்டேன், ஒரு சொல்லையும் நான் சேர்க்கவில்லை. நீ படித்துறையில் என் விரலைப் பார்த்ததை நான் சொல்லவில்லை. அது உன்னுடையது, நீதான் சொல்ல வேண்டும். சொல்வாய் என்று நினைக்கிறேன். எனக்கு நான்கு தாள் கிழிந்தது, உனக்கு ஆறு தாளாவது கிழியும்.

பலகையைக் கழற்றிவிட்டார்கள். ஏமாற்று என்று எழுதவில்லை, பார்வைக் குறைவு என்று எழுதினார்கள். சுவரில் அது இருந்த இடம் மட்டும் வெள்ளையாக இருக்கிறது. போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் அதைப் பார்க்கிறார்கள். நான் பார்ப்பதில்லை, பார்க்காமலே எங்கே இருக்கிறது என்று தெரியும். அவருடைய நண்பர்கள் இரண்டு மூன்று பேர் பின்வாசல் வழியாக வந்து நாடி பார்த்துக்கொள்கிறார்கள். அவர் கண்ணை லின்ஹேயில் அறுவை செய்யலாமாம். நீ அங்கே கேட்டு எழுது.

இனி என் கதை. விசாரணை முடிந்து வெளியே வந்தபோது கெங் அண்ணன் வாசலில் நின்றார். அடிப்பார் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன்.

"உன் கை ரெண்டும் நல்லாத்தான இருக்கு?"

"இருக்கு அண்ணே."

"எனக்கு ஒண்ணுதான் இருக்கு. விடிஞ்சதும் வா. அரவைக் கல்லு சுத்த ஆளில்ல."

இரண்டரை வாரமாக அவர்கள் வீட்டில் சோயா அரைக்கிறேன். கல் சுற்றுகிறது, நான் சுற்றுகிறேன், என் தலையும் சுற்றுகிறது. முதல் நாள் கெங் அண்ணனிடம், "என் வாய்க்கு ஒரு கைப்பிடி போட்டா கல்ல விட வேகமாச் சுத்தும்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு நான் அங்கே வேடிக்கை பேசுவதில்லை.

இதில் அதுவல்ல கஷ்டம். கெங் அண்ணி. அவள் என்னைத் திட்டவில்லை, ஒரு சொல்கூட. நான் வாசலில் நுழையும் சத்தம் கேட்டதும் தோதோவின் இரண்டு கையையும் போர்வைக்குள் எடுத்துப் போட்டு மூடுவாள். அவ்வளவுதான். தினமும். படகில் என் முதுகைத் தடவிய அதே கை.

நேற்று தோதோவுக்குக் கம்பளிக் கையுறை பின்னி முடித்திருந்தாள், மணிக்கட்டில் முடிச்சுப் போட்டு. நான் மாவு வாளியை வைத்துவிட்டுக் கிளம்பினேன். பின்னாலிருந்து, "மின்" என்றாள். அந்த வீட்டில் என் பேரை யாரும் சொல்லி ஒன்றரை மாதம் ஆகிறது. திரும்பினால் பிள்ளையை நீட்டிக்கொண்டு நிற்கிறாள்.

"கொஞ்சம் பிடி. பால் பொங்குது."

வாங்கிக்கொண்டேன். கனமாகிவிட்டான். என் மூக்கைப் பிடிக்கப் பார்த்தான், கையுறை வழுக்கிக்கொண்டே போனது. அவள் திரும்பி வரும் வரை அவனைத் தூக்கிக்கொண்டு அடுப்பங்கரை வாசலிலேயே, அவள் கண்ணில் படும்படி நின்றேன்.

கையுறையைக் கழற்றச் சொல்லி அவன் சிணுங்கினான். அவள் கழற்றவில்லை. நானும் கேட்கவில்லை.

மின்